அவன், அவள், அவர்: சட்டம் எதுவரை துணை வரும்?

தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் ஐம்பால் தெரியும். அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது, அவை வந்தன. பலருக்கு இது தேர்வோடு முடிந்துபோகும் பாடம். சிலருக்கு மட்டும் அன்றாடம் முடியாத பாடம்.

ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இவர்களைப் பற்றி யார் பேசினாலும் ‘வந்தானா, வந்தாளா’ என்ற இடத்தில் நாக்கு தடுமாறுகிறது. ‘அது வந்துச்சா?’ என்று வேண்டுமென்றே கேட்டுச் சிரிப்பவர்களும் நம்மிடையே உண்டு.

பாலின அடையாளத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கலாமா, அவர் விரும்பும் சொல்லால் அவரை அழைக்க மறுக்கலாமா என்பவை இன்று பல நாடுகளில் சட்டக் கேள்விகளாகிவிட்டன. நம் நாட்டில் நிலைமை என்ன? பீடோங், லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, எஸ்.பி.எம். முடித்து, சுங்கைப்பட்டாணிக்கோ கூலிமுக்கோ வேலை தேடிப் போகும் திருநங்கை ஒருவருக்குச் சட்டம் எதுவரை துணை வரும்? அது வராத இடத்தில் நாம் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசி இலக்கம்

நம் மைகார்டில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடாவுக்கு 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். அது போதாதென்று அட்டையின் முன்பக்கத்திலேயே ‘லெலாக்கி’ அல்லது ‘பெரெம்புவான்’ என்றும் அச்சிட்டிருக்கும்.

வங்கி, மருத்துவமனை, தேர்வு மண்டபம், தொழிற்சாலை வாசல் என்று அந்த அட்டையை நீட்டாமல் எங்கும் நுழைய முடியாது. தோற்றம் ஒன்றாகவும் அட்டை வேறாகவும் இருப்பவர், போகும் இடமெல்லாம் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் அது விழுகிறது.

அட்டையில் உள்ள பால் குறிப்பை மாற்றித் தரும்படி கேட்டுச் சிலர் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2005ஆம் ஆண்டில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன. ஈப்போ உயர் நீதிமன்றம் ஒருவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் இன்னொருவருடைய மனுவை ஏற்று, அட்டையைத் திருத்தித் தரச் சொன்னார். 2013இல் வேறொரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், மருத்துவச் சான்று போதாது என்று தோற்றது. 2016இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நந்தபாலன் ஒரு திருநம்பியின் பக்கம் தீர்ப்பளித்தார். அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் மானத்தோடு வாழ்வதும் அடங்கும் என்பது அவர் கண்ட முடிவு. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

அட்டையில் பால் குறிப்பை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும்கூட அட்டை மாறும் என்ற உறுதி கிடையாது.

எட்டாம் பிரிவும் ஒரு சொல்லும்

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் குடிமக்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லி வந்தது. 2001இல் செய்த திருத்தத்தில் அந்த வரிசையில் ‘பாலினம்’ என்ற சொல்லும் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்று 44 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்த சொல் அது.

அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் கேள்வி. கர்ப்பிணி என்ற காரணத்தால் தற்காலிக ஆசிரியர் பணியை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அதைப் பாலினப் பாகுபாடு என்று ஏற்றது. கர்ப்பம் என்ற சொல் 8ஆம் பிரிவில் இல்லை. நீதிமன்றம் பொருளை விரித்துப் பார்த்தது. பாலின அடையாளத்துக்கும் அதே விரிவு உண்டா என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பு தரும் இந்தப் பாதுகாப்பு அரசாங்கத்துக்கு எதிராகத்தான் செல்லும், தனியார் முதலாளிக்கு எதிராகச் செல்லாது என்று 2005இல் முடிவானது. அரசு அலுவலகத்தில் 8ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டலாம். தொழிற்சாலையிலோ பேரங்காடியிலோ அதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

வேலையிடத்தில் புதிய கதவு

தனியார் துறையில் அந்த இடைவெளியை ஓரளவு அடைக்க வந்தது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு. 2022இல் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாக ஒரு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு எழுந்தால், தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் அதை விசாரித்து உத்தரவு போடலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை சேரும்.

இந்தப் பிரிவின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ‘பாகுபாடு’ என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. திருநர் என்ற சொல் அதில் இல்லை. அவர்களை விலக்கும் சொல்லும் இல்லை. புகார் கொடுக்க வழி திறந்திருக்கிறது, வெற்றிக்கு உறுதி இல்லை.

1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்து, ஆட்களின் தேவை குறைந்த பிறகு, பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு திருநங்கையை அவருடைய தோற்றத்துக்காக நிறுத்தினால், அவர் 69எஃப் பிரிவின் கீழ்ப் புகார் செய்து பார்க்கலாம். நேர்முகத் தேர்விலேயே அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் கதை வேறு. அந்தப் பிரிவு ‘தொழிலாளி, முதலாளி’ என்றே பேசுகிறது. வேலை கிடைக்காதவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. திருநர்கள் பலருக்குக் கதவு மூடுவதோ அந்த முதல் நாளில்தான்.

கேலிக்குத் தண்டனை உண்டா?

ஒருவரை அவர் விரும்பாத சொல்லால் குறிப்பிடுவது மலேசியாவில் குற்றமல்ல. அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. ஆனால் சொல்லாலேயே ஒருவரை வதைப்பது இப்போது குற்றம்.

தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11ஆம் தேதி நடப்புக்கு வந்தன. ஒருவருக்குத் துன்பமோ அச்சமோ தர வேண்டும் என்ற நோக்கத்தோடு மிரட்டினாலும், இழிவாகப் பேசினாலும், அவமதித்தாலும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஒருவருடைய அடையாள விவரங்களை அவரைத் துன்புறுத்துவதற்காக வெளியிடுவதும் இதில் அடங்கும். வகுப்புத் தோழனின் பழைய படத்தையும் அட்டை எண்ணையும் புலனக் குழுவில் போட்டு, ‘பொண்டான்’ என்றும் ‘ஒம்போது’ என்றும் எழுதிச் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2022 இன்னொரு துணை. அது ‘பெண்’ என்று குறுக்காமல் ‘நபர்’ என்று பேசுகிறது. சொல்லாலோ, சைகையாலோ, தொட்டோ செய்யும் பாலியல் தொல்லைக்கு ஆளான எவரும் அதன் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அந்த மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ‘உண்மையிலேயே நீ ஆணா பெண்ணா, காட்டு’ என்பது நம் பேச்சில் கேலியாக இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அது வேறு.

சட்டமே அச்சமாகும்போது

இதுவரை பார்த்தது காக்கும் சட்டம். தண்டிக்கும் சட்டமும் உண்டு. ஆண் பெண்ணைப் போல உடுத்துவதைக் குற்றமாக்கும் ஷரியா விதிகள் மாநிலங்களில் உள்ளன. அவை முஸ்லிம்களுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற சமயத்தினர் மீது 1955ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அதாவது அநாகரிக நடத்தை என்ற குற்றச்சாட்டு, சுமத்தப்பட்டதுண்டு.

நெகிரி செம்பிலானில் மூன்று முஸ்லிம் திருநங்கைகள் தொடுத்த வழக்கில், 2014 நவம்பர் 7ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மாநில ஷரியா சட்டத்தின் 66ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2015 அக்டோபர் 8ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கைத் தொடங்கிய முறை சரியில்லை, 4ஆம் பிரிவின்படி கூட்டரசு நீதிமன்ற நீதிபதியிடம் முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது அது சொன்ன காரணம். மானம் பற்றிய மூலக் கேள்வி பதிலின்றி நின்றுவிட்டது.

எல்லைக்கு அப்பால்

புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே 2015இல் வந்த பாலினச் சமத்துவச் சட்டம், பிறப்பில் குறித்த பாலுக்கு மாறான தோற்றம் உடையவருக்குப் பாகுபாடு காட்டுவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் அடையாள ஆவணத்தில் பாலை மாற்ற அந்தச் சட்டம் வழி செய்யவில்லை. சிங்கப்பூர் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. அது காக்கும் அடையாளங்களின் பட்டியலில் பாலின அடையாளம் இடம்பெறவில்லை.

அழைக்கும் சொல்லையே சட்டம் தொட்ட நாடு கனடா. 2017இல் அந்நாடு தன் மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளத்தைச் சேர்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் சட்டமும் அதே பாதுகாப்பைத் தருகிறது. அம்மாநிலத்து உணவகம் ஒன்றில் ஒரு பணியாளர் தன்னைப் பொதுப்பாலான ‘தே’ என்ற ஆங்கிலச் சொல்லால் குறிப்பிடும்படி கேட்டும், மேலாளர் ஒருவர் பெண்பாலிலும் செல்லப்பெயரிலுமே கூப்பிட்டு வந்தார். அதைத் தட்டிக் கேட்ட பணியாளர் வேலை இழந்தார். 2021இல் அம்மாநில மனித உரிமை நடுவர் மன்றம் அவருக்கு 30,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2008இல் அங்கே திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. 2015இல் பிரித்திகா யாஷினிக்குக் காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் இடம்தர மறுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரண்டே ஆண்டில் அவர் சீருடை அணிந்தார். 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தொடங்கிவைத்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாடு அரசு மாற்றுப் பாலினத்தவரை மரியாதையோடு குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. நாம் வேற்றுமொழி வழக்கு என்று நினைக்கும் சொல் மரியாதை, தமிழில் அரசு ஆணையாகவே வந்திருக்கிறது.

இலக்கணம் முன்பே யோசித்தது

அரசாணைக்கு வெகு காலம் முன்பே இந்தக் கேள்வியைத் தமிழ் இலக்கணம் எடுத்துக்கொண்டது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் வினைமுடிவு பொருந்தாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதிக்கிறது. அவரை ‘வந்தான்’ என்று சொல்லக்கூடாது என்பதே இதன் பொருள். பவணந்தியாரின் நன்னூல் ஒருபடி மேலே போய், ஆண்மையை விட்டுப் பெண்மையை நாடுபவருக்குப் பெண்பாலையும், பெண்மையை விட்டு ஆண்மையை நாடுபவருக்கு ஆண்பாலையும் வழங்கச் சொல்கிறது. பிறப்பு ஒரு பக்கம் இருந்தாலும், அவர் எதை நாடுகிறாரோ அதுவே வினைமுடிவைத் தீர்மானிக்கிறது.

அதே நூற்பா இவர்களை அஃறிணை போலச் சொல்லவும் இடம் தருகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. நம் தெருவில் கேட்கும் ‘அது’ எங்கிருந்தோ வந்ததல்ல. மரபு இரண்டையும் கொடுத்திருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது என்பது நம் தேர்வு.

மலாய் பேசும்போது நமக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. ‘டியா’ என்ற ஒரு சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும். ஆங்கிலத்தில் சிக்கல் ஒன்றிரண்டு சொற்களில் நின்றுவிடும். தமிழில் வினைமுற்று, ‘டா’, ‘டி’, ‘அண்ணே’, ‘அக்கா’, ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று ஒவ்வொரு விளிப்பிலும் பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் நாம் காயப்படுத்தும் வாய்ப்பும் அதிகம், அரவணைக்கும் வாய்ப்பும் அதிகம். ஒரு திருநங்கையை ‘அக்கா’ என்று கூப்பிடும் கடைக்காரர் எந்தச் சட்டமும் சொல்லாமல் அதைச் செய்கிறார்.

‘அவர்’ என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று தோன்றும். பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் அது நல்ல சொல். ஆனால் வகுப்பில் எல்லாத் தோழிகளையும் ‘அவள்’ என்று சொல்லிவிட்டு ஒருவரை மட்டும் ‘அவர்’ என்றால், மரியாதை என்ற பெயரில் அவரைத் தனியே நிறுத்துகிறோம். சந்தேகம் இருந்தால் தனியாக அழைத்து, ‘உன்னை எப்படிக் கூப்பிட?’ என்று கேட்டுவிடலாம். அதற்கும் கூச்சமாக இருந்தால் பெயரைச் சொல்லலாம்.

மாணவர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

எல்லாரும் வீட்டைத் தொலைதூரத்தில் விட்டுவிட்டு வாழ முடியாது. தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் ஒருவர் வீட்டுச் செய்தி மறுநாளே எல்லா வீட்டுக்கும் போய்விடும். அதனால் ஒரு நண்பர் உங்களை நம்பிச் சொன்ன விஷயம் உங்களோடு நிற்கட்டும். அவர் பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

பள்ளியில் கேலி தொடர்ந்தால், முதலில் வகுப்பாசிரியரிடமோ வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். தேதி, இடம், பேசிய சொல், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசியில் வந்ததை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். மிரட்டல் என்றால் போலீஸ் புகார் செய்யலாம். வேலையிடப் பாகுபாடு என்றால் அருகிலுள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் முறையிடலாம். அது தீர்ப்பு வழங்காது, விசாரித்துப் பரிந்துரை செய்யும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேட்கலாம். எழுதி வைத்த குறிப்பு எந்தக் கதவைத் தட்டினாலும் கைகொடுக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் வகுப்பில் ‘பொண்டான்’ என்ற சொல் எழும்போது பாடத்தை நிறுத்திவிட்டு அதைக் கண்டிக்க முடியும். ஆசிரியர் சிரித்துவிட்டுப் போனால் அந்தச் சொல்லுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கேலி தாங்காமல் படிவம் மூன்றிலோ நான்கிலோ படிப்பை விட்டுவிட்டவருக்கு 69எஃப் பிரிவால் பயன் குறைவு. சான்றிதழ் கேட்கும் இடத்திலேயே அவர் நின்றுவிடுவார்.

இந்த விஷயத்தில் குடும்பங்களுக்கும் சமயங்களுக்கும் வெவ்வேறு கருத்துகள் இருக்கின்றன. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் எதிரில் நிற்பவர் உயர்திணை என்பதில் விவாதம் இல்லை. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தை மாற்றுவது நாடாளுமன்றமும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ தெரியாது. வகுப்பில் ‘அது’ என்ற சொல்லை நாளையிலிருந்து விட்டுவிடுவது நம் வேலை.